குஸ்துல் ஹிந்தி: வேரைத் தேடிய நாம் மறந்த மலர்

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வீங்கி மூன்று நாளாகக் காய்ச்சல். டாக்டர் ஐந்து நாளைக்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இணையத்தில் வாங்கிய குஸ்து பொடியும் வீட்டில் இருக்கிறது. "ஹஜ்ரத், டாக்டர் மருந்தை நிறுத்திட்டு இதை மட்டும் கொடுக்கலாமா? நீங்கதானே பயான்ல இது சுன்னத்தான மருந்துன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

டாக்டரின் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று உடனே சொன்னோம். பிறகு, அந்தப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். அவர் படித்துக் காட்டினார். "நபிவழி மருத்துவம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே நாற்பதுக்கும் மேற்பட்ட நோய்களின் பட்டியல். அது எந்தச் செடியின் வேர், எந்த ஊரில் விளைந்தது, யார் பொடி செய்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த அழைப்பு முடிந்த பிறகு நமக்கே வெட்கமாக இருந்தது. மிம்பரில் நின்று குஸ்தைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். அது செடியா, மரமா, எங்கே முளைக்கிறது, எப்படிப் பூக்கிறது என்று ஒருநாளும் நாம் தேடிப் பார்த்ததில்லை. தேடிப் பார்த்தபோது தெரிந்துகொண்ட செய்தி மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. நாம் ஆசையோடு வாங்கும் இந்த வேரைத் தரும் மலைப்பூ, இன்று உலகிலேயே மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும் தாவரங்களில் ஒன்று. அதைக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஹதீஸ்களில் குஸ்து

ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பாடத்தில் இந்த வேருக்கென்று தனித் தலைப்பே உண்டு. உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள், தொண்டை வீக்கத்துக்காக அடிநாக்கை விரலால் அழுத்திவிட்டிருந்த தம் சிறு மகனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். பிள்ளைகளை இப்படி வதைக்க வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், இந்தியக் கட்டையைப் பயன்படுத்துமாறு வழிகாட்டினார்கள். அதில் ஏழு நிவாரணங்கள் இருப்பதாகவும் கூறினார்கள். தொண்டை வீக்கத்துக்கு மூக்கு வழியாகவும், விலாப்புற நோய்க்கு வாயின் ஓரமாகவும் அதைக் கொடுக்கும் முறை அந்த அறிவிப்பில் வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஏழு என்று சொல்லப்பட்டாலும் நமக்கு விளக்கப்பட்டவை இரண்டுதான், மற்ற ஐந்தும் விளக்கப்படவில்லை என்று அறிவிப்பாளர் இமாம் ஸுஹ்ரீ அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அறிவிப்பாளர் அடக்கத்தோடு நிறுத்திய இடத்தில், இன்றைய விளம்பரங்கள் நாற்பது நோய்களை நிரப்பி வைத்திருக்கின்றன.

கணவரை இழந்து இத்தா இருக்கும் பெண்கள் வாசனை பூசக் கூடாது. ஆனால் மாதவிடாய் நின்று தூய்மையாகும் நேரத்தில் சிறிதளவு குஸ்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி இருந்ததை உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆக, மருந்தாக மட்டுமல்ல, நறுமணப் பொருளாகவும் அது மதீனாவின் வீடுகளில் இருந்திருக்கிறது.

இந்தியாவின் பெயரைத் தாங்கிய ஒரு வேர் மதீனாவின் ஒரு தாய்க்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் அது இந்தியாவில் எங்கே விளைந்தது?

பெயர்க் குழப்பங்கள்

முதலில் சில குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் தவறான பொருளை வாங்குவதற்கு இவையே காரணம்.

ஒன்று, ஹதீஸில் "ஊத்" என்ற சொல் வருவதால் பலர் இதை அகில் கட்டை என்று நினைக்கிறார்கள். நம் வீடுகளில் புகைக்கும் ஊத், அக்விலேரியா என்ற மரத்தின் பிசின் ஊறிய கட்டை. அரபியில் ஊத் என்றால் பொதுவாகக் கட்டை, குச்சி என்று பொருள். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸில் வரும் இந்திய ஊத் என்பது குஸ்துதான் என்று ஹதீஸ் நூல்களிலேயே தெளிவுபடுத்தப்பட்டுள்ளது.

இரண்டு, தாவரவியலில் காஸ்டஸ் என்ற பெயரில் வேறொரு இனம் இருக்கிறது. அது இஞ்சியின் உறவு. நம் ஊர்த் தோட்டங்களில் "இன்சுலின் செடி" என்று வளர்ப்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பெயர் ஒத்திருப்பதால் அதன் கிழங்கையும் சிலர் கோஷ்டம் என்கிறார்கள். அது குஸ்து அல்ல.

மூன்று, எழுத்து வேறுபாடு. காஃப் எழுத்திலும் கஃப் எழுத்திலும் இச்சொல் வருகிறது. இரண்டும் ஒன்றே என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்களே, கற்பூரத்தைக் குறிக்கும் சொல்லை உதாரணம் காட்டி விளக்கியிருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் குஷ்டம், கிரேக்கத்தில் கோஸ்டஸ், அரபியில் குஸ்து, காஷ்மீரில் குத், தமிழில் கோஷ்டம் அல்லது கோட்டம். எல்லாம் ஒரே வேருக்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்கள். நம் பழைய தமிழ் மரபில் ஐந்து விரை என்று நறுமணப் பொருள்களைச் சொல்வார்கள்: கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம். முதலில் நிற்பது இந்தக் கோட்டம்தான். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியதும் இதுவே.

அந்தப் பூ பூக்கும் இடம்

அறிவியல் இதற்கு வைத்திருக்கும் பெயர் சாசுரியா காஸ்டஸ். சூரியகாந்தியின் குடும்பம். இதன் சொந்த ஊர் மேற்கு இமயமலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டருக்கு மேல், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் குளிர்ந்த சரிவுகளில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. காஷ்மீரின் கிஷன்கங்கா, செனாப் ஆறுகளின் மேல் பள்ளத்தாக்குகள் இதற்குப் பெயர்போன இடங்கள்.

காஷ்மீரில் மலைப் புல்வெளியை "மர்க்" என்பார்கள். குல்மர்க், சோனாமர்க் என்ற ஊர்ப் பெயர்களில் இருப்பது அந்தச் சொல்தான். ஆண்டின் பாதி நாட்கள் அந்தப் புல்வெளிகள் பனிக்குள் புதைந்திருக்கும். பனி உருகியதும் குஜ்ஜர், பக்கர்வால் சமூகத்து முஸ்லிம் இடையர்கள் ஆடுமாடுகளோடு அங்கே ஏறிச் செல்வார்கள். சில மாதங்களுக்குள் அங்குள்ள செடிகள் எல்லாம் முளைத்து, பூத்து, விதைத்து முடித்துவிட வேண்டும். மறுபடி பனி வந்துவிடும்.

குஸ்து செடி ஆள் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கு மேலும் வளரும். அடியில் முறம் போன்ற அகன்ற, சொரசொரப்பான இலைகள். நடுவில் கிளைக்காத தடித்த தண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தத் தண்டின் உச்சியில் உருண்டையான பூத்தலைகள் கொத்தாக நெருங்கிப் பூக்கும். நிறம் கருமை கலந்த ஊதா. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகவே தெரியும். ரோஜாவைப் போலவோ மல்லிகையைப் போலவோ யாரும் பறித்துச் சூடும் பூ அல்ல அது. அதனால்தானோ என்னவோ, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இந்தச் செடியைத் தேடிப் போனவர்கள் பூவைப் பார்க்காமல் மண்வெட்டியோடு வேரையே பார்த்தார்கள்.

வேர் தடித்து, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். உலர்ந்த பிறகும் எண்ணெய்ப் பசையோடு கூடிய கனத்த வாசனை அதில் தங்கியிருக்கும். வேரில் இருக்கும் காஸ்டுனோலைடு போன்ற சேர்மங்களைத்தான் இன்றைய ஆய்வுக்கூடங்களும் ஆராய்ந்து வருகின்றன.

வேர் போன வழி

அதர்வ வேதத்திலேயே இமயமலையின் செடியாக இது பேசப்படுகிறது. கிரேக்க மாலுமிகளின் வழிகாட்டி நூலான பெரிப்ளஸ், சிந்து நதி முகத்திலிருந்த பார்பரிக்கம் துறைமுகத்திலிருந்தும் குஜராத்தின் பரூச் துறைமுகத்திலிருந்தும் இந்த வேர் ஏற்றுமதியானதைக் குறிப்பிடுகிறது. அரபு நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கியதால்தான் இதைக் கடல் குஸ்து என்றும் அழைத்தார்கள் என்பது விளக்கவுரையாளர்கள் சிலரின் கருத்து. இந்திய குஸ்து, கடல் குஸ்து என்று கறுப்பு, வெள்ளை இரு வகையாகப் பிரித்தவர்களும் உண்டு.

கிழக்கே சீனாவுக்கும் இது மூட்டை மூட்டையாகப் போனது. அங்கே கோயில்களில் புகைப்பதற்கும் மருந்துக்கும் பயன்பட்டது. காஷ்மீரிலோ, விலையுயர்ந்த சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புகளுக்கு இடையே இந்த வேரை வைத்தார்கள்.

இவ்வளவு வாங்கியவர்களுக்கும் செடி எது என்று நீண்ட காலம் உறுதியாகத் தெரியாது. சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஹியூ ஃபால்கனர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் காஷ்மீர் மலைகளில் சுற்றி, பழைய நூல்கள் சொல்லும் வேர் இந்தச் செடியின் வேரே என்று 1840களில் எழுதினார். மன்னராட்சிக் காலத்தில் காஷ்மீர் அரசு குத் வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. களவாகத் தோண்டுவது அப்போதே தண்டனைக்குரிய குற்றம்.

ஏன் அழிகிறது?

இலையையோ பழத்தையோ பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். இங்கே வேண்டப்படுவது வேர். ஒரு வேரைத் தோண்டி எடுத்தால் ஒரு செடி செத்தது என்று பொருள்.

விஷயம் அதோடு முடிவதில்லை. பூத்து, விதை முற்றிக் காற்றில் பரவ இலையுதிர் காலம் ஆகிவிடும். பனி விழுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் விதை முற்றுவதற்குள் தோண்டிவிட்டால், இந்த ஆண்டுச் செடியோடு அடுத்த தலைமுறையும் போய்விடுகிறது. மிஞ்சிய விதை முளைத்தாலும், அந்தக் குளிரில் அது விற்பனைக்கு ஏற்ற வேராகத் தடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு மண்வெட்டி வந்துவிடும். அளவுக்கு மீறிய மேய்ச்சலும் குறுகிவரும் வாழிடமும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இதை "மிக மோசமாக அழியும் நிலையில் உள்ளது" என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. இயற்கையில் முற்றாக மறைவதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் வகுப்பு அது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் 1975இல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்ட குஸ்து, 1985இல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. புலிக்கும் இதே பட்டியலில்தான் இடம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்யப்பட்ட திருத்தம் ஆறு வகைத் தாவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. அவற்றுள் ஒன்று குத். காட்டிலிருந்து அதைப் பிடுங்குவதும் விற்பதும் குற்றம்.

வயலில் விளையும் குஸ்து

அப்படியானால் கடையில் விற்பதெல்லாம் திருட்டுச் சரக்கா என்று கேட்கலாம். இல்லை. அல்ஹம்துலில்லாஹ், இந்தச் செடி வயலிலும் விளையக்கூடியது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் 1920களிலிருந்தே விவசாயிகள் இதைப் பயிரிட்டு வருகிறார்கள். உத்தராகண்டின் சமோலி மாவட்ட மலைக் கிராமங்களிலும் பயிராகிறது. விதைத்து மூன்று ஆண்டுகள் அளவில் வேரை எடுக்கலாம். சீனாவும் இந்தச் செடியைக் கொண்டுபோய் யுன்னான் மாகாணத்தில் பெரிய அளவில் பயிரிடுகிறது. வயலில் விளைந்ததை, அதற்குரிய சான்றிதழோடு ஏற்றுமதி செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் மூன்று ஆண்டு காத்திருக்கும் விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். லாஹவுலில் பலர் குத்தை விட்டுவிட்டு, அந்த ஆண்டே பணம் தரும் உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் மாறிப் போனார்கள். வயலில் விளைவது குறைந்து, வாங்குபவர்களின் ஆசை கூடினால், அந்தப் பாரம் மலைப் புல்வெளியின் மீதுதான் விழும். நாம் எதை வாங்குகிறோம், என்ன கேட்டு வாங்குகிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

அசல் அரிதாகும்போது கலப்படம் நுழையும். புஷ்கரமூலம் என்ற வேறு செடியின் வேர் குஸ்தோடு கலக்கப்படுவது பழைய கதை. அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. சீன மருத்துவத்தில் குஸ்தின் பெயரை ஒத்த பெயருடைய அரிஸ்டலோக்கியா இனத்து வேர் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். முழு வேராக இருந்தால் விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லலாம். பொடியாகிவிட்டால் யாருக்குத் தெரியும்? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தை வெளிப்படுத்தி, மக்களுக்குத் தெரியும்படி அதை மேலே வைக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர்களின் பெயரைச் சொல்லி விற்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்றே எழுதாமல் விற்பதை என்னவென்று சொல்வது?

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பிள்ளைகளின் உடல்நலம். தொண்டை வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. சிலவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்கு முறையான மருந்து கொடுக்காவிட்டால் பின்னாளில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வையே பாதிக்கும். ஆகவே மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு எந்தப் பொடியையும் கொடுக்கக் கூடாது. குழந்தையின் மூக்கில் நாமாகவே பொடியையோ எண்ணெயையோ விடுவதும் கூடாது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வேறு மருந்து சாப்பிடுபவர்களும் தகுதிபெற்ற சித்த, யுனானி அல்லது அலோபதி மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். இந்த வேரின் எண்ணெய் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. அதனாலேயே பன்னாட்டு வாசனைத் திரவியத் துறை அதைத் தன் தயாரிப்புகளில் தடை செய்திருக்கிறது. ஹதீஸில் சொல்லப்பட்ட மருந்து என்பதில் நமக்கு ஐயமில்லை. அளவும் நோயும் ஆளும் அறிந்து கொடுப்பது மருத்துவம் அறிந்தவரின் வேலை. அந்த வேலையை விளம்பரத்திடம் ஒப்படைக்கக் கூடாது.

இரண்டாவது, கேட்டு வாங்குங்கள். "இது பயிரிட்டதா? எந்த மாநிலத்திலிருந்து வருகிறது?" என்ற இரண்டு கேள்விகள் போதும். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். "காட்டு குஸ்து, மலையில் தானாக விளைந்தது, அதனால் வீரியம் அதிகம்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், சட்டம் தடுத்த ஒன்றை விற்பதாக அவரே ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பொருளில் பரக்கத்தைத் தேட முடியாது.

மூன்றாவது, தேவைக்கு மட்டும் வாங்குங்கள். உம்ராவிலிருந்து திரும்புகிறவர்கள் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க என்று டஜன் கணக்கில் குஸ்து பாட்டில்கள் வாங்கி வருவதைப் பார்க்கிறோம். பாதி வீடுகளில் அது அலமாரியில் கிடந்து காலாவதியாகிறது. ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு மலைச்சரிவில் வேரோடு போன ஒரு செடி இருக்கிறது. வீண்விரயம் நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை ஆலிம்களாகிய நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, எங்களைப் போன்றவர்களுக்கு. மிம்பரில் ஒரு பொருளின் சிறப்பைச் சொன்னால், அதன் பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதீனாவின் எல்லைக்குள் மரங்களை வெட்டக் கூடாது என்று தடுத்த நபியின் உம்மத் நாம். செடி நடுபவருக்கு, அதிலிருந்து பறவையும் மனிதரும் உண்பதெல்லாம் தர்மமாக எழுதப்படுகிறது என்று கற்றுத்தந்த நபியின் உம்மத் நாம். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே, அவர்கள் நல்லது என்று காட்டித்தந்த ஒரு செடியை பூமியிலிருந்து துடைத்துவிட்டோம் என்று நாளை எழுதப்படக் கூடாது.

அந்தச் சகோதரி ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். டாக்டர் மருந்தை முழுவதும் கொடுத்து முடித்தார்களாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதாம். "அந்தப் பொடிய என்ன செய்றது ஹஜ்ரத்?" என்று கேட்டார். என்ன வேர் என்றே தெரியாத பொடியை வைத்திருக்க வேண்டாம், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்து அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள் என்றோம். கேட்டாராம். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம்.

ஒரு கடைக்காரர் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். ஊருக்கு நாலு வீடு இப்படிக் கேட்கத் தொடங்கினால், பயிரிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கு விலை கிடைக்கும். மலைப் புல்வெளியில் அந்தக் கருநீலப் பூ விதை முற்றும்வரை நின்று பூக்கும். நாளை நம் பேரப்பிள்ளைகள் அந்த ஹதீஸைப் படித்துவிட்டு "அது எந்தச் செடி?" என்று கேட்டால், படத்தில் மட்டும் காட்ட வேண்டிய நிலை வராது, இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் தந்த நிஃமத்துகளின் மதிப்பை அறிந்து, அவற்றைப் பேணிக்காக்கும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.